அண்ணாச்சி கட்டின மூட்டை

(செங்கோட்டை. ராத்திரி ஒன்பதரை மணி. பாதி ஷட்டர் இறக்கின பலசரக்குக் கடை. வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்ட புல்லட் 350, கார்புரேட்டர் காலத்து வண்டி. கடைக்குள் தரை தெரியாத அளவுக்குச் சாமான். கடைக்கார அண்ணாச்சியும் மெக்கானிக் இசக்கியும்.)

இசக்கி: என்ன அண்ணாச்சி, கடையக் காலி பண்ணுதீங்களா?

அண்ணாச்சி: லடாக்குக்கு எடுத்து வச்ச சாமாம்லே. நீ வண்டில கட்டிக் குடுத்தாப் போதும்.

இசக்கி: இதுக்குக் குட்டியானைல்லா பேசணும். அந்த மூட்டை என்னது?

அண்ணாச்சி: பொன்னி அரிசி, அஞ்சு கிலோ. அங்க போயி ரொட்டியக் கடிச்சிக்கிட்டுக் கெடக்க முடியாதுலே.

இசக்கி: மணாலிலேருந்து லே ஊருக்குப் போற வழியில சர்ச்சு, பாங்குன்னு டெண்டு போட்டு சோறும் ராஜ்மாவும் போடுதான். பாங்கு 4,600 மீட்டர் உயரம். அங்க தண்ணி 85 டிகிரிலயே கொதிச்சிரும்.

அண்ணாச்சி: சீக்கிரம் கொதிச்சா நல்லதுதானலே. எரிபொருள் மிச்சம்.

இசக்கி: கொதிக்கும் அண்ணாச்சி, வேகாது. அரை மணி நேரம் கொதிச்சாலும் நடுவுல நறுக்குன்னு நிக்கும்.

அண்ணாச்சி: அதுக்குத்தானல குக்கரு வச்சிருக்கேன்!

இசக்கி: குக்கர எது மேல வைப்பீங்க?

அண்ணாச்சி: ஸ்டவ்வு, அந்தா இருக்குல்லா.

இசக்கி: ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு ஒரு கேனு. கேனு ஒழுகினா துணியெல்லாம் மண்ணெண்ணெய். அஞ்சு கிலோ அரிசி பத்து கிலோவா வளந்து நிக்கி, பாத்தீங்களா? எல்லாத்தையும் தராசுல ஏத்துங்க, மொத்தம் எவ்வளவுன்னு பாப்போம்.

(ஒவ்வொன்றாக எடை போடுகிறார்கள். இசக்கி சிகரெட் அட்டையில் கூட்டுகிறான்.)

இசக்கி: 52 கிலோ. அரிசி, குக்கரு, ஸ்டவ்வு எல்லாம் சேத்து. தனி ஆளு போற வண்டிக்கு 30 கிலோவுக்கு மேல நான் கட்ட மாட்டேன்.

அண்ணாச்சி: (தலையைச் சொறிந்து) லே, இது 52 இருக்காதுலே.

இசக்கி: உங்க தராசுதான?

அண்ணாச்சி: அது... குளிரு நாள்ல கொஞ்சம் கூடக் காட்டும்.

இசக்கி: இது குளிரு நாளா?

அண்ணாச்சி: எல்லா நாளும்னே வச்சிக்கயேன். கிலோவுக்கு 50 கிராம் கழிச்சிரு.

இசக்கி: அப்ப 49 அரை வருது. ரெண்டரை கிலோ உங்களுக்கு லாபம். மாசா மாசம் நான் அரிசி வாங்குதது எந்தத் தராசுல அண்ணாச்சி?

அண்ணாச்சி: லடாக்கப் பத்திப் பேசுலே.

இசக்கி: சரி. அரிசி, குக்கரு, ஸ்டவ்வு வெளிய. இது என்ன, நாலு வேட்டியா?

அண்ணாச்சி: லேயில கோயில் கீயில்னு போனா...

இசக்கி: ஒண்ணு போதும். பருத்தி பனியன் ஆறும் வேண்டாம். வேர்வைல நனைஞ்சா அந்தக் குளிர்ல காயவே காயாது, ஒடம்புச் சூட்ட உறிஞ்சிரும். ஜீன்ஸும் அப்படித்தான். உள்ள போட தெர்மல் ரெண்டு செட்டு, அது மேல ஃப்ளீஸ் ஒண்ணு, அதுக்கு மேல காத்துப் புகாத ஜாக்கெட்டு. கம்பளிக் காலுறை மூணு சோடி. கையுறை ரெண்டு சோடி, ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு. இதுக்கு மேல துணி எடுத்தா அது மலைக்கு இல்ல, மறுவீட்டுக்கு.

அண்ணாச்சி: தேங்காண்ணெய் ஒரு லிட்டரு வச்சிருக்கேன். சொந்த செக்குல ஆட்டுனது.

இசக்கி: 24 டிகிரிக்குக் கீழ எறங்கினாலே தேங்காண்ணெய் உறைய ஆரம்பிச்சிரும். தலைக்கு வைக்கணும்னா சுத்தியல வச்சு ஒடைக்கணும். ஒதட்டுக்கும் மூஞ்சிக்கும் சின்ன டப்பால வாஸ்லின் போதும். இந்த ஊறுகா பாட்டிலுக்கு யாரு மூடி போட்டது?

அண்ணாச்சி: நான்தான். யானை மிதிச்சாலும் தொறக்காது.

இசக்கி: யானை மிதிக்காது, காத்து தொறந்துரும். தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல. அங்க காத்தழுத்தம் நம்மூருல பாதிதான். பாட்டிலுக்குள்ள இருக்கது செங்கோட்டைக் காத்து. அது வெளிய வரத்தான் பாக்கும். சிப்ஸ் பாக்கெட்டு பலூன் மாதிரி உப்பும், ஷாம்பு மூடி கசியும், பேஸ்ட்ட தொறந்தா அதுவா எட்டிப் பாக்கும். காரமும் எண்ணெயும் தெர்மல்ல ஊறினா பயணம் முழுக்க ஊறுகா வாசம்தான். கடலை மிட்டாய் வச்சிக்கிடுங்க. கோவில்பட்டி மிட்டாய் அரைக் கிலோ, பேரீச்சம்பழம் கால் கிலோ. உப்பாது, ஒழுகாது.

அண்ணாச்சி: கடைலயே இருக்கு. விலை போட்டு எழுதிக்கிடுதேன்.

இசக்கி: உங்க கடைல நீங்களே கடனா?

அண்ணாச்சி: கணக்குன்னா கணக்குதாம்லே. சரி, எப்பிடிக் கட்டப் போற? சணல் ஒரு உருண்டை எடுத்து வச்சிருக்கேன்.

இசக்கி: சணல் நனைஞ்சு காஞ்சா தளந்துரும். அந்தக் கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறும் வேண்டாம். பள்ளத்துல வண்டி குதிச்சா அது இழுபட்டு மூட்டையும் கூடக் குதிக்கும். கொக்கி கழண்டு மூஞ்சில அடிக்கும், இல்லன்னா ஸ்போக்ஸ்ல போயி சுத்திக்கிடும். பக்கிள் வச்ச தட்டை நைலான் வார் நாலு வாங்கியிருக்கேன். வார் நுனி தொங்கப்பிடாது, சுருட்டிச் செருகணும். கெளம்பி 20 கிலோமீட்டர்ல நிறுத்தி மறுபடி இறுக்கணும். சாமான் குலுங்கி அமுங்கியிருக்கும்லா?

அண்ணாச்சி: சரி. கனமான சாமான் எல்லாத்தையும் பின்னால கேரியர்ல ஏத்திரு. கண்ணுக்குத் தெரியாம ஒரு மூலைல கெடக்கட்டும்.

இசக்கி: ஐயோ அண்ணாச்சி. பின் சக்கரத்து அச்சு இருக்குல்லா, அதுக்குப் பின்னால வைக்கித ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் மாதிரி முன் சக்கரத்தத் தூக்கும். ஏத்தத்துல ஹேண்டில் லேசாகி ஆட ஆரம்பிக்கும். கனம் கீழ இருக்கணும், உங்க முதுகுப் பக்கமா இருக்கணும். ரெண்டு சைடு பைக்குள்ள அடில கனம், மேல துணி. கேரியர்ல போர்வை மாதிரி லேசு சாமான் மட்டும்.

அண்ணாச்சி: ரெண்டு பையும் ஒரே எடையா இருக்கணுமா?

இசக்கி: அரைக் கிலோ முன்னப் பின்ன இருக்கலாம். அதுக்கு மேல போனா வண்டி நாள் பூரா ஒரு பக்கமே இழுக்கும், சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும். உங்க தராசு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் பொய் சொல்லும், அதனால பயமில்ல.

அண்ணாச்சி: (கேட்காத மாதிரி) வலது பக்கம் சைலன்ஸர் இருக்கே?

இசக்கி: அதான் முக்கியம். பையத் தாங்க இரும்புல ஸ்டே அடிச்சு வச்சிருக்கேன். சைலன்ஸருக்கும் சைடு பைக்கும் நாலு வெரக்கடை இடைவெளி. இல்லன்னா பையோட அடி உருகி, சாமான் ஒண்ணொண்ணா ரோட்டுல எறங்கிரும். உங்களுக்குத் தெரியவும் செய்யாது. வலது பைல டூல்ஸ், இடது பைல மத்தது. பெட்ரோல் கேனு இடது பக்கம், முன்னால. சூடு இருக்க பக்கம் பெட்ரோல் போகவே கூடாது.

அண்ணாச்சி: பெட்ரோல் வேற சுமக்கணுமா? வழியில பங்க் இல்லையா?

இசக்கி: மணாலி தாண்டி டாண்டில ஒரு பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு அங்க போர்டே வச்சிருந்தான். உங்க டேங்க் 13 அரை லிட்டரு. நம்மூருல லிட்டருக்கு 30 குடுக்கித வண்டி, அந்த ஏத்தத்துல 25 குடுத்தா?

அண்ணாச்சி: 365-ஐ 25-ஆல வகுத்தா... பதினாலரைக்கு மேல. ஒரு லிட்டருக்கு மேல துண்டு விழுது!

இசக்கி: அதான் அஞ்சு லிட்டர் கேனு. தண்ணி கேனு ஆகாது, பெட்ரோலுக்குன்னே வர்ற கெட்டிக் கேனு. வாய் வரைக்கும் ஊத்தப்பிடாது, விரிய எடம் விடணும். மேல ஏறினப்பறம் மூடியப் பையத் தொறக்கணும், சீறும். டேங்க்ல அஞ்சு லிட்டர் எறங்கின ஒடனே கேன அதுல கொட்டிருங்க. பக்கவாட்டுல தொங்கின பாரம் வண்டி நடுவுக்கு வந்துரும். வண்டிய ரயில் பார்சல்ல போடும்போது மட்டும் டேங்க்லயும் கேன்லயும் சொட்டு இருக்கப்பிடாது.

அண்ணாச்சி: டூல்ஸ்னு நீ என்ன வச்சிருக்க? அதுவே கனக்குதே.

இசக்கி: முன்னுக்கு ட்யூப் ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு. பவுடர் தடவித் துணில சுத்தியிருக்கேன். ஸ்பானரோட உரசினா, மாத்துறதுக்கு முன்னயே புது ட்யூப் ஓட்டையாயிரும். டயர் லிவர் மூணு, கால் பம்பு, பஞ்சர் கிட்டு, ஸ்பார்க் ப்ளக் ரெண்டு. கார்புரேட்டர் வண்டில்லா, மேல போகப் போக காத்து கொறஞ்சு பெட்ரோல் கூடிப் போயி ப்ளக்கு கரி பிடிக்கும். செயின் லாக்கு, ஃப்யூஸு, க்ளட்ச் லிவரு, இன்சுலேஷன் டேப்பு.

அண்ணாச்சி: க்ளட்ச் கேபிள விட்டுட்ட பாத்தியா!

இசக்கி: வண்டிலயே இருக்கு. பழைய கேபிள் கூடவே புதுசையும் ஓட்டி, டேப்பு போட்டுக் கட்டியாச்சு. அறுந்தா ரெண்டு நுனிய மாட்டினாப் போதும். பைலயும் எடம் மிச்சம், பனில டேங்கக் கழட்டித சோலியும் மிச்சம்.

அண்ணாச்சி: (முதல் தடவையாக மரியாதையோடு) மூளைலே ஒனக்கு.

இசக்கி: மழைக்கோட்டு, பம்பு, பஞ்சர் கிட்டு மூணும் மேலாப்புல. அடில வச்சா மழைல நின்னு மொத்தத் துணியையும் நனைச்சப்பறம்தான் மழைக்கோட்டு கைக்கு வரும். சைடு பை மேல போடுத கவர நம்பாதீங்க, காத்துல தூக்கிரும். உள்ள பாலித்தீன் உறை வேணும்.

அண்ணாச்சி: சீனி மூட்டைக்குள்ள வருதே, கெட்டி உறை? அது கட்டுக் கட்டா கெடக்கு.

இசக்கி: அதேதான்! வாய மூணு மடி மடிச்சு வார் போட்டா ஓடைக்குள்ள விழுந்தாலும் சொட்டு ஏறாது. அங்க ஓடைய காலைலயே தாண்டிரணும். வெயில் ஏறினா பனி உருகி மத்தியானம் தண்ணி கூடிரும். மலை ஒசரம் ஒத்துக்கிடாமப் போனா போடுத மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கிடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லிருங்க. லே போனதும் ரெண்டு நாள் மேல எங்கயும் ஏறாமக் கெடங்க. சிம் என்னது?

அண்ணாச்சி: ப்ரீபெய்டு.

இசக்கி: வெளி மாநில ப்ரீபெய்டு அங்க எடுக்காது. போஸ்ட்பெய்டு மாத்துங்க.

அண்ணாச்சி: மாத்தாண்டாம்லே. வீட்டுக்காரி நாளுக்குப் பத்து தடவ கூப்பிடுவா.

இசக்கி: அது உங்க பாடு. இப்ப எடை: சைடு பை ஒம்பது, ஒம்பது. கேரியர்ல நாலு, டேங்க் மேல ரெண்டு, பெட்ரோலும் கேனும் சேத்து நாலரை. 28 அரை. பின் ஷாக்அப்ஸர ரெண்டு படி ஏத்தியிருக்கேன், இல்லன்னா பள்ளத்துல பை டயர்ல உரசும், ஹெட்லைட்டு வானத்தப் பாக்கும். நாளைக்குக் காலைல இதே பாரத்தோட புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போயிட்டு வந்துருங்க. சாரலும் அடிக்கி, உறை தாங்குதான்னும் தெரிஞ்சிரும்.

அண்ணாச்சி: சும்மாவா போகச் சொல்லுத? இந்தத் துணியெல்லாம் எறக்கிட்டு, அதே எடைக்கு அப்பளமும் மல்லியும் ஏத்திரு. ஆரியங்காவுக் கடைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு.

இசக்கி: டெலிவரியா?

அண்ணாச்சி: பாரம் பாரம்தானலே. வரும்போது ஒரு ஏத்தன் வாழைத்தாரு வாங்கிட்டு வந்துருவேன்.

இசக்கி: தார எங்க கட்டுவீங்க?

அண்ணாச்சி: கேரியர்ல.

இசக்கி: பின் அச்சுக்குப் பின்னாலயா?

அண்ணாச்சி: (யோசித்து) சரி, நீயும் வா. பின் சீட்டுல உக்காந்து மடில வச்சுக்க.