மெக்ஆர்தரைத் திட்டும் முன்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் காலாட்படை ஏந்திய கேரண்ட் துப்பாக்கி பற்றிப் பேச்செடுத்தாலே, "மெக்ஆர்தர் 1932இல் நல்ல தோட்டாவைக் கொன்றுவிட்டார்" என்று ஒருவர் கிளம்பிவிடுகிறார். அப்போது அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். இந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நல்ல தோட்டா, துப்பாக்கி வடிவமைப்பாளர் பெடர்சனின் .276 (குழல் விட்டம், அங்குலத்தில்). அதாவது 7 மி.மீ. படையின் வழக்கமான .30ஐவிட உதை குறைவு, எடையும் குறைவு. ஆனால் அவர் செய்த துப்பாக்கியில், அறைக்குள் அழுத்தம் முழுதாக இறங்கும் முன்பே, முட்டிபோல் மடங்கும் பூட்டு திறக்கத் தொடங்கிவிடும். வெற்றுக்கூடு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க ஒவ்வொரு தோட்டாவுக்கும் மெழுகுப் பூச்சு வேண்டும். கையில் பிசுபிசுக்காத மெல்லிய பூச்சுதான். ஆனாலும் போர் வந்தால் கோடிக்கணக்கில் பூச வேண்டுமே!

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் போட்டியாளர் கேரண்ட் செய்ததோ, சுடும்போது எழும் வாயுவில் கொஞ்சத்தைப் பிடித்து இயங்குவது. மெழுகு தேவையில்லை. அதே .276இல் கிளிப்புக்கு (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிடி) 10 தோட்டா. சோதனைக்குழு இதைத்தான் விரும்பியது. மெக்ஆர்தர் மறுத்து .30தான் வேண்டும் என்றார். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். கிடங்கில் .30 தோட்டாக்கள் குவிந்து கிடந்தன. பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளும் அதையே தின்றன. ஒரே படைக் கம்பெனிக்கு இரண்டு வகைத் தோட்டா அனுப்புவது என்ன புத்திசாலித்தனம்? கேரண்டின் .30 மாதிரியும் கையில் தயாராகவே இருந்தது. சோதனையில் அதன் போல்ட் (தோட்டா அறையை அடைக்கும் பாகம்) விரிசல் விட்டது உண்மை, ஆனால் அது சரிசெய்யக்கூடிய கோளாறு. இழப்பு என்று பார்த்தால் 10 தோட்டா 8 ஆனது, அவ்வளவுதான்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. வாயுவை எடுக்கக் குழலில் ஓட்டை போடத் தயங்கி, குழல் முனைக்கு முன்னால் ஒரு போலி முனையை மாட்டி, அந்த இடைவெளியில் வாயுவைப் பிடித்தார்கள். 1936இல் படை ஏற்றுக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். அதற்குள் படியும் கரியைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. குறிபார்க்கும் முன்குறியும் பயோனெட்டும் (முனைக் கத்தி) வாயுவைப் பிடிக்கும் அந்த உருளையையே நம்பியிருந்தன; அது ஆடினால் குறியும் ஆடும். போலி முனையைப் பிடித்திருக்கும் திருகு கழன்றால் குண்டு போய் அதிலேயே மோதும்.

கடைசியில், குழலின் அடிப்பக்கம் முனைக்குச் சற்று உள்ளே ஒரு சிறு துளை போட்டதும் தீர்ந்தது. முடிவெடுத்தது 1939இல், உற்பத்தி மாறியது 1940இல். அதற்குள் ஏறத்தாழ 50,000 துப்பாக்கிகள் பழைய வடிவில் வெளியே போய்விட்டன. பிறகு பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கிக் குழலையும் உருளையையும் மாற்றினார்கள். மாறாமல் தப்பியவை இன்று சேகரிப்பாளர் கையில் மிக அரிது.