கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

காரைக்குடியில் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். வீட்டிலேயே சர்வீஸ் பார்த்த மறுநாள் கியர் ஒழுங்காக விழவில்லை, வண்டி இழுக்கவில்லை, புதிதாக ஏதோ சத்தம் வருகிறது என்றால், கியர்பாக்ஸை இறக்க உடனே சம்மதித்துவிடாதீர்கள். கடைசியாக எங்கே கை வைத்தீர்களோ அங்கே முதலில் திரும்பிப் போய்ப் பாருங்கள். நேற்றுவரை சத்தமில்லாமல் ஓடிய கியர்பாக்ஸ், நீங்கள் ஸ்பானரை எடுத்த அன்றைக்குப் பார்த்து உள்ளே தானாகத் தேய்ந்துபோவது அபூர்வம்.

சொந்த வண்டியில் தானே கை வைப்பதை நான் ஒருநாளும் தப்பென்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து வீடுகளில் நல்ல நிழலோடு பெரிய கார் ஷெட் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வருகிற பிள்ளைகளுக்கு ஆர்வமும் இருக்கிறது. ஆயில் மாற்றுவதும் பேட்டரி மாட்டுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகள்தான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. "தெரியாத வேலைல ஏண்டா கைய வச்ச?" என்று வீட்டில் திட்டு விழும் என்று பயந்து, மெக்கானிக்கிடமும் விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள். "கியர் விழலண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாதிக் கதையைக் கேட்ட மெக்கானிக் என்ன செய்வார்? அந்தப் பாதிக்கு ஏற்ற வைத்தியம் பார்ப்பார். செலவு அங்கேதான் ஏறுகிறது.

பள்ளத்தூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. பேரிங் செட், ஆயில் சீல், சிங்க்ரோ ரிங் என்று ஒரு பட்டறையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டேன். "அஞ்சாவது கியர்ல உய்யுன்னு கத்துது தம்பி. பின்னால புகையும் வருது" என்றார். கியர்பாக்ஸ் கெட்டால் ஏன் புகை வர வேண்டும்? எனக்கு அங்கேதான் இடித்தது. வண்டி வாசலில் நின்றது. பானெட்டைத் திறந்து என்ஜின் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். மேல்கோட்டைத் தாண்டி நாலு விரல் உயரத்துக்கு எண்ணெய். "ஆயில் நீங்களா மாத்துனீங்க?" கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆமா தம்பி, வீட்டு ஷெட்லதான்" என்றார். வடிந்த எண்ணெய் என்ன நிறம் என்று கேட்டேன். "கருப்பா இல்ல. பரவாயில்லையே, பழைய ஆயில் இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு நெனச்சேன்."

நடந்தது இதுதான். இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் என்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் தனித்தனி டிரெயின் நட்டு. அவர் கழற்றியது கியர்பாக்ஸ் நட்டு. அதிலிருந்த 2 லிட்டர் போல வடிந்துவிட்டது. புது என்ஜின் ஆயிலை, ஏற்கெனவே நிறைந்திருந்த என்ஜினில் மேலே ஊற்றிவிட்டார். அளவுக்கு மீறிய எண்ணெயை என்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்க, புகை வந்தது. கியர்பாக்ஸோ எண்ணெய் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பல சின்னக் கார்களில் ஐந்தாவது கியர் கடைசி மூடிக்குள் இருக்கும். எண்ணெய் குறைந்தால் முதலில் கத்துவது அதுதான். நல்லவேளை, அவர் அதிகம் ஓட்டவில்லை. என்ஜின் ஆயிலை வடித்துச் சரியான அளவில் ஊற்றி, கியர்பாக்ஸுக்கு உரிய எண்ணெய் நிரப்பினோம். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஐந்தாவதில் லேசான முனகல் தங்கிவிட்டது. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த ஒரு சாமான்கூடத் தேவைப்படவில்லை.

ஆகவே வடிகிற எண்ணெயைப் பாருங்கள். ஓடிய என்ஜின் ஆயில் கருப்பாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. மேனுவல் கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். அப்புறம், கியர்பாக்ஸில் வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன், எண்ணெய் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்ட பிறகு மேல்நட்டு இறுகிக் கிடந்தால் வண்டி ஷெட்டைவிட்டு நகராது.

அடுத்தது எண்ணெய் வாங்கும் விஷயம். "ஏதாவது நல்ல கியர் ஆயில் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் எனக்கு மனசு கேட்காது. டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். 5 பெரிய எண், அதனால் உசத்தி என்று எடுத்துப்போகிறார்கள். ஜிஎல்-5 முக்கியமாக ஜீப், லாரி போன்றவற்றின் பின் ஆக்சிலில் பெரிய அழுத்தம் தாங்குவதற்கு உண்டானது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். மேனுவல் கியர்பாக்ஸில் இருக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங்குக்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும், உராய்ந்தால்தான் அது கியரின் வேகத்தைச் சமப்படுத்தும். ஜிஎல்-4 கேட்கிற வண்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் ரிங் வழுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் கர்ரென்று உறுமிக்கொண்டு விழும். நாளடைவில் பித்தளையையும் அரிக்கலாம். 75டபிள்யூ-80 என்ற தடிமன் அளவுள்ள எண்ணெயைப் போடச் சொன்ன வண்டியில் கனமான எண்ணெயை ஊற்றினாலும் காலையில் முதல் சில கியர்கள் முரண்டு பிடிக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கடைக்காரன் நான் சொல்வதுகூட அதற்கு அப்புறம்தான்.

கியர் விழவில்லை என்றதும் கியர்பாக்ஸைச் சந்தேகிக்கிறோமே, குற்றவாளி பல நேரம் கிளட்ச். கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தபோது வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும்போது மட்டும் மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்கிறது என்றால், கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். பிரேக் ஆயில் மாற்றினீர்களா? நிறைய வண்டிகளில் கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் எண்ணெய் எடுக்கிறது. டப்பாவில் மட்டம் இறங்கினால் கிளட்ச் குழாயில் காற்று ஏறிவிடும். கேபிள் மாற்றியிருந்தால் அதன் இறுக்கத்தைப் பாருங்கள். வண்டி கழுவி, காலடியில் விரிக்கும் பழைய ஃப்ளோர் மேட்டின் மேலேயே புது மேட்டைப் போட்டிருக்கிறீர்களா என்றும் குனிந்து பாருங்கள். பெடல் கடைசிவரை இறங்காததற்கு அந்த மேட்டே போதும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. வண்டியின் சொந்தக்காரர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வரும்போதுதான் வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வந்தவர் புது பேட்டரி மாட்டுவார், ஸ்டார்ட் ஆகும், கியர் விழாது. பேட்டரி மாட்டியதில் ஏதோ கெட்டுவிட்டது என்று பதறுவார். அனுபவமுள்ள மெக்கானிக் பல நேரம் கியர்பாக்ஸை இறக்காமலே இதை விடுவித்துவிடுவார்.

பேட்டரி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பல கார்களில் பேட்டரித் தட்டுக்குக் கீழேயே கியர் கேபிள்கள் போகும், கியர்பாக்ஸுக்கு வரும் எர்த் கம்பியும் அங்கேதான். தட்டைக் கழற்றும்போது கேபிள் கிளிப் நழுவினாலோ, எர்த் போல்ட் லூசாக நின்றாலோ கியர் தடுமாறும். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளும் வகை), ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கற்றுவைத்தது அழிந்துபோகலாம். கொஞ்ச தூரத்துக்குக் கியர் உதறிக்கொண்டு மாறும். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வைத்துத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். கியர்பாக்ஸைப் பிரிக்க அங்கே ஒரு வேலையும் இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சிவிடி, அதாவது பல்சக்கரக் கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வேலை செய்கிற வண்டிக்கு சிவிடி எண்ணெய்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றினால் உள்ளே பெல்ட்டும் புல்லியும் பிடிமானம் இழந்துவிடும். அளவு பார்க்கக் குச்சி இல்லாத வண்டிகளில், சமதரையில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் அளவு நட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பல வண்டிகளுக்கு அந்தச் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள். சித்திரை மத்தியானத்தில் எங்கள் ஊரில் சும்மா நிற்கிற வண்டிக்கே அந்தச் சூடு வந்துவிடும். கொஞ்சம் ஓடினால் தாண்டிவிடும். எண்ணெய் விரிந்திருக்கும்போது அளவு பார்த்தால் வேண்டியதும் சேர்ந்து வழிந்துபோகும், ஆறிய பிறகு அளவு குறைவாக நிற்கும். டி போட்டு நொடிகள் கழித்து வண்டி நகர்வதும், ஏற்றத்தில் என்ஜின் மட்டும் கத்துவதும் பெரும்பாலும் இதனால்தான். இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஊற்றுவதும் ஆகாது, நுரைத்தால் அதே வழுக்கல்.

வடித்ததை அளந்து வையுங்கள். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். வடித்தது இவ்வளவு, ஊற்றியது இவ்வளவு, எந்த எண்ணெய், எந்த நட்டைக் கழற்றினோம், செப்பு வாஷர் புதிதா பழையதா என்று வரவு செலவு மாதிரி ஒரு நோட்டில் எழுதுவது நமக்குக் கஷ்டமான காரியமா? பட்டறைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூச்சப்படாதீர்கள். அதைப் பார்த்துவிட்டும் எதையும் சோதிக்காமல் "இறக்கணும்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

தப்பான எண்ணெய் போய்விட்டது, அல்லது எண்ணெய் அறவே இல்லை என்று தெரிந்தால் "தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லையே, மெதுவா ஓட்டிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பாதீர்கள். கியர்பாக்ஸ் உண்மையிலேயே சாவது அந்த ஓட்டத்தில்தான். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தும் வராதீர்கள். என்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் பம்பும் சுற்றாது, சக்கரம் மட்டும் சுற்றி உள்பாகங்கள் வறண்டு உரசும். தட்டு லாரி பிடித்து, நாலு சக்கரத்தையும் மேலே ஏற்றிக் கொண்டுவாருங்கள்.