‘ஏனுங்க’ கன்னடமா? அந்தச் செய்தி சொல்வது தப்பு

கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. கொங்குப் பேச்சு கன்னடம் கலந்து கெட்டுப்போன தமிழாம். ‘ஏனுங்க’வே அதற்குச் சாட்சியாம். பிள்ளைகளை இப்போதே திருத்த வேண்டுமாம்.

கன்னடத்தில் ‘ஏனு’ என்றால் ‘என்ன’. ஒலி ஒத்துப்போவது நிஜம்தான். ஆனால் நம் ‘ஏன்’ எங்கே போனது? இரண்டும் ஒரே திராவிட வேரில் முளைத்தவை. பங்காளிகளுக்குள் முகச்சாடை ஒத்திருந்தால் ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கினார் என்றா அர்த்தம்? ‘ஏனுங்க’வில் கூட வரும் ‘உங்க’ என்பது ‘வாருங்கள்’ என்பதில் இருக்கும் அதே மரியாதை விகுதிதான். வாருங்கள், வாங்க, அப்புறம் ‘வாங்’. மற்ற ஊர்கள் ‘வாங்க’வோடு நின்றுகொண்டன, நாம் இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டோம், அவ்வளவுதான்.

திருவிழாவை நாம் சொல்லும் ‘நோம்பி’யும் கொச்சையாம். அது நோன்பு. மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு ஊரே விரதம் இருக்கும் சீமையில் திருவிழாவுக்கு அந்தப் பேர் வந்ததில் என்ன ஆச்சரியம்? ‘பொழுதோட’வும் அப்படித்தான். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ‘பொழுதோட வா சாமி’ என்றால், பொழுது சாயும் நேரத்துக்கு வா என்று பொருள்.

வட்டாரச் சொல்லை இலக்கணம் ஏற்காது என்பது இன்னொரு புளுகு. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுக்கிறது. வட்டாரச் சொல்லுக்குத் திசைச்சொல் என்று தனி இடமே இருக்கிறது.

சரி, கலப்பே இல்லையா? இருக்கிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கலப்பு நம் பேச்சில் மட்டுமா? எல்லாரும் சொல்லும் ‘சாவி’யும் ‘ஜன்னலு’ம் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை. அந்தச் செய்தியை எழுதியவர் தன் வீட்டுப் பூட்டை எதை வைத்துத் திறக்கிறாரோ!