இரண்டு பதவி என்றாலே சட்டவிரோதம் ஆகிவிடாது

"ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு உள்ளாட்சிப் பதவிகளில் இருப்பது எந்த நாட்டிலும் செல்லாது, இரண்டாவதாக ஜெயித்த தேர்தலே ரத்தாகிவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் பகிராதீர்கள்.

இங்கிலாந்தில் ஒரே ஆள் பாரிஷ் (ஊர் அளவிலானது), மாவட்ட, கவுண்டி (மாவட்டத்தைவிடப் பெரிய பகுதி) கவுன்சில்கள் மூன்றிலுமே உறுப்பினராக இருக்கலாம். ஒரு கவுன்சிலில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அதே கவுன்சிலில் உறுப்பினராக முடியாது, அங்கே தடை அதற்குத்தான். பிரான்ஸ் இன்னும் கறார். நகராட்சி உறுப்பினர் அதற்கு மேலுள்ள உள்ளாட்சி மன்றம் ஒன்றிலும் உறுப்பினராகலாம், ஆனால் மேயராக இருந்துகொண்டே மண்டல மன்றத் தலைவராக முடியாது. 2014 சட்டத்தால் 2017 முதல் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மேயராக நீடிக்க முடியாது.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நீதிமன்றங்கள் பார்ப்பது பதவிகளின் எண்ணிக்கையை அல்ல, அவை ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதைத்தான். காசோலையில் கையெழுத்துப் போடும் பொருளாளரே அதே கணக்கைத் தணிக்கையும் செய்தால் யார் யாரைக் கேள்வி கேட்பது? அப்படி மோதும் இரண்டாவது பதவியை ஏற்றுக்கொண்டால், முதல் பதவியை விட்டுவிட்டதாகவே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பறிபோவது பழைய பதவி. புதிதாக ஜெயித்த தேர்தல் அதனால் ரத்தாவதில்லை.