கெல்லீஸ் போய் வந்த பையன்

போன வாரம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் ஒரு பைக் காணாமல் போனது. காலையில் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கேள்வி கேட்கும் முன்பே டீக்கடையில் நின்ற நான்கைந்து பேர் ஒரே வீட்டைக் கை காட்டிவிட்டார்கள். அந்த வீட்டுப் பையன் ராத்திரி முழுக்க காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலையில் இருந்திருக்கிறான். அவன் அம்மா அதைச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் பைக் கிடைத்துவிட்டது. வண்டிக்காரரின் மச்சானே சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறார். கை காட்டியவர்களில் ஒருவர்கூட அந்த வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பையன் மேல் கேஸ் ஆனால், அவன் அம்மா முதலில் வந்து நிற்பது என் கடையில்தான். காகிதங்களைப் பிரதி எடுத்து எடுத்தே எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மீதியை இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

டீக்கடையில் கை காட்டப்பட்ட இந்தப் பையன் முன்பு ஒரு கேஸில் மாட்டியிருந்தான். அப்போது அவனுக்குப் பதினாறு. இருபத்து நான்கு வயது ஆள் ஒருவன் வண்டி ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து ஒரு பெண்ணின் செல்போனைப் பறித்தான். தப்புதான். கீழே விழுந்து அந்தப் பெண்ணுக்கு முழங்கை பெயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானே அவனைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் அம்மா ஒரு கட்டைப்பையோடு ஓடி வந்தார். "ண்ணா, இன்னா கேப்பாங்கன்னு தெர்ல, வீட்ல இருக்குற எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன்" என்றார். ரேஷன் கார்டு, ஆதார், தடுப்பூசி அட்டை, கரண்ட் பில்கூட இருந்தது. நான் முதலில் எடுத்தது ஆதார். அதில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி, வருஷமும் தப்பு. அந்தக் கணக்கில் அவனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. அதையே பிடித்துக்கொண்டிருந்தால் நேராகப் புழல் ஜெயில்.

வக்கீல் போனில் சொன்னது இதுதான்: வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிக்கூடம் கொடுக்கிற பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லை என்றால் மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது. அந்த வரிசையில் ஆதார் கிடையாது. சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு, பிடிபட்ட நாளில் அல்ல. கேஸ் முடிந்த பிறகுகூட, அன்றைக்கு எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். காலையில் ஸ்கூல் திறக்கும் வரை கேட்டிலேயே நின்று பிறந்த தேதிச் சான்றிதழை வாங்கி வந்தார் அந்த அம்மா. அந்த ஒரு தாள்தான் அவனைக் கெல்லீஸுக்குக் கொண்டு போனது.

கெல்லீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தம். புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் கூர்நோக்கு இல்லமும், பதினெட்டு ஆகாதவர்களின் கேஸை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமமும் இருக்கும் இடம். நிறைய பேர் அந்த இல்லத்தைச் சின்னப் பசங்க ஜெயில் என்று நினைக்கிறார்கள். விசாரணை முடியும் வரை தங்க வைக்கிற இடம் அது. 2015-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். இது தெரியாமல்தான் நம் அம்மாக்கள் ஸ்டேஷன் வாசலில் மணிக்கணக்காக அழுதுகொண்டு நிற்கிறார்கள். "அந்த அலுவலர் யார் சார்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பேச்சு மாறும். நான் பார்த்திருக்கிறேன்.

குழுமத்தில் மூன்று பேர். ஒருவர் மாஜிஸ்திரேட், இரண்டு பேர் சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கூண்டு கிடையாது, உயரமான மேடை கிடையாது. அவர்கள் நாற்காலியில், பையன் எதிரில். கைது, குற்றவாளி, குற்றப்பத்திரிகை மாதிரி குற்றம் சாட்டுகிற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். முதலில் கேட்டபோது வார்த்தையில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். போன வார டீக்கடைக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஜாமீனும் பெரியவர்களுக்கு மாதிரி இல்லை. எந்தக் குற்றமாக இருந்தாலும் பையனை வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும். வெளியே போனால் ரவுடிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நியாயம் கெட்டுப்போகும் என்று தோன்றினால் மட்டும் காரணத்தை எழுதிவைத்து மறுக்கலாம். இவனுக்கு மூன்றாவது நாள் ஜாமீன். வண்டி ஓட்டியவனுடைய கேஸ் தனியாக வேறு கோர்ட்டுக்குப் போனது. பெரியவனையும் சின்னவனையும் ஒன்றாக விசாரிக்கக் கூடாது.

அப்புறம் நன்னடத்தை அலுவலர் எங்கள் தெருவுக்கு வந்தார். எனக்கு இதுதான் முக்கியம். பதினைந்து நாளுக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும்: வீடு எப்படி, படிப்பு எப்படி, யாரோடு சுற்றுகிறான், இந்த நிலைக்கு எப்படி வந்தான் என்று. குழுமம் என்ன முடிவு எடுக்கிறது என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு. அதை அலுவலர் எழுதினாலும் உள்ளே இருப்பது நம் வாய் வார்த்தைதான். பக்கத்து வீட்டுக்காரர், "எப்பவுமே இவன் இப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கல்யாணத்துக்குத் தண்ணீர் கேன் தூக்கியவன் இந்தப் பையன். ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிற அண்ணன் மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்து, அரை மணி நேரம் நின்று பேசினார். அப்பா போன பிறகு இவன் கிரவுண்டுக்கு வருவதை நிறுத்தியதையும், செல்போன் பறித்த அன்று வண்டி ஓட்டியவன் அதன் பிறகுதான் இவனுக்குச் செலவு செய்ய ஆரம்பித்ததையும் அவர்தான் சொன்னார்.

மூன்று வருஷம் வரை தண்டனை உள்ளதைச் சிறு குற்றம் என்கிறது சட்டம். விசாரணைக்கு நான்கு மாதம், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள்ளும் முடியவில்லை என்றால் சிறு குற்ற வழக்கை முடித்துவிட வேண்டும். இவனுக்கு ஐந்தாவது மாதம் உத்தரவு வந்தது: அம்மா பொறுப்பில், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் ஆறு மாதம், கூடவே ஆலோசனை வகுப்பு. வேறு பையன்களுக்கு அறிவுரையோடு முடிந்ததும் உண்டு, சமூக சேவை கொடுத்ததும் உண்டு. அதிகபட்சம், உத்தரவுக்குப் பிறகு தங்க வைக்கிற சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம்.

"கத்தி எடுக்கிறவனும் குழந்தையா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. குறைந்தது ஏழு வருஷம் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தைப் பதினாறு வயது நிரம்பியவன் செய்தால், குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அந்தக் கதவு 2016 ஜனவரியிலிருந்து திறந்துதான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது வேறு. பையன்களைக் காரியத்துக்குப் பயன்படுத்துகிற பெரியவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் இதே சட்டத்தில் இருக்கிறது. கஞ்சா பொட்டலத்தைச் சின்னப் பையன் கையில் கொடுத்து அனுப்புபவனுக்கும் ஏழு வருஷம் வரை உண்டு. அந்தப் பிரிவுகளைப் போடு என்று நம் பக்கத்தில் யார் கேட்டிருக்கிறோம்?

இல்லங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்றும் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களைச் சீர்திருத்த நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதலில் குழந்தைகள் சட்டம் கொண்டு வந்தது நம் சென்னை மாகாணம்தான், 1920-இல். நூறு வருஷம் கழித்தும் ஒரு தாய் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுத் தூங்க முடியவில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

சரி, இந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். உத்தரவு முடிந்தது, கண்காணிப்பும் முடிந்தது. சட்டப்படி அவன் மேல் எந்தத் தகுதிக்குறைவும் ஒட்டாது. அப்பீல் காலம் முடிந்ததும் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவுகளை அழித்துவிட வேண்டும். முடிந்த வழக்கை வைத்து நன்னடத்தைச் சான்றிதழில்கூடப் போலீஸ் எதையும் சொல்லக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஸ்கூலில் திரும்பச் சேர்க்கவில்லை. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். அவன் ஐஸ் உடைக்கப் போனது அதற்குப் பிறகுதான். பிடிபட்ட அன்று யாரோ எடுத்த வீடியோ இன்றைக்கும் எங்கள் ஏரியா வாட்ஸப் குரூப்பில் இருக்கிறது, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. அப்படி அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூடச் சேர்ந்து வரலாம். அட்மினிடம் நான்கு தடவை சொல்லிவிட்டேன். இன்று ஐந்தாவது தடவை சொல்லப் போகிறேன்.

நேற்று அவன் கடைக்கு வந்தான். தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுத வேண்டுமாம், சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தான். ஐஸில் வெடித்த விரல்கள். தாளை நனைக்காமல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றான். பைக் விஷயத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவன் பெயரையோ தெருவையோ கமெண்டில் யாரும் கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் யூகித்தும் எழுதாதீர்கள், நான் உடனே அழித்துவிடுவேன். பிள்ளை மேல் கேஸ் ஆகி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற அம்மா அப்பா யாராவது இருந்தால், ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு ஸ்கூல் சான்றிதழோடு கடைக்கு வாருங்கள். ராத்திரி பத்து வரை திறந்திருப்பேன். அந்த நகலுக்குக் காசு வேண்டாம்.