வெல்டருக்குக் கிரேடு வைத்துச் சம்பளம் கொடுங்கள்

'நல்ல வெல்டர் கிடைக்க மாட்டேங்குறான்.' திருச்சி துவாக்குடி பக்கம், இரும்பை வெட்டி வெல்டிங் அடித்துப் பாகங்கள் செய்யும் எந்த ஃபேப்ரிகேஷன் கம்பெனி முதலாளியிடம் பேசினாலும் இந்தப் புலம்பல் வந்துவிடும். ஆள் கிடைக்காதது உண்மைதான். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது.

1960களில் திருச்சிக்கு பெல் (BHEL) என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை வந்தது. அதை நம்பி பாய்லர் பாகங்கள் செய்துகொடுக்கும் யூனிட்டுகள் திருவெறும்பூர், துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் முளைத்தன. அத்தனைக்கும் ஆதாரம் வெல்டரின் கை.

உயர் அழுத்தக் குழாயில் வெல்டிங் அடிக்க ஐடிஐ சான்றிதழ் மட்டும் போதாது. பாய்லர் விதிகளின்படி தனியாக டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். 6ஜி டெஸ்ட் என்றால் குழாயை 45 டிகிரி சாய்த்துப் பொருத்திவிடுவார்கள், திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்து, சாய்ந்து, அண்ணாந்து அதைச் சுற்றி வர வேண்டும். முதல் ஓட்டமான ரூட் பாஸ் குழாயின் உள்பக்கம் சரியாகப் பிடித்ததா என்பது வெளியிலிருந்து தெரியாது. உருகி நிற்கும் உலோகத்தின் அசைவைப் பார்த்தே கணிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே ஃபிலிம் வரும். ஒரு சின்னக் காற்றுக்குமிழியைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஜாயின்ட் ரிஜெக்ட் ஆனால் என்ன ஆகும்? அந்த இடத்தைக் கிரைண்ட் செய்து எடுத்து, மறுபடி அடித்து, மறுபடி எக்ஸ்ரே. அலாய் ஸ்டீல் என்றால் சூடேற்றும் வேலையும் முதலிலிருந்து. இன்ஸ்பெக்டர் வர வேண்டும், லோடு நிற்கும், பில் தள்ளிப்போகும். வெல்டரின் ஒருநாள் கூலியைப்போலப் பல மடங்கு ஒரே ஜாயின்ட்டில் போய்விடும். தொழிற்பயிற்சிக்குப் பொருளாதார மதிப்பு என்ன என்று கேட்பவர்கள் எந்த யூனிட்டிலாவது ரிப்பேர் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்க்கட்டும்.

ஆனால் பல இடங்களில் ஃபிலிம் சுத்தமாக வரும் கைக்கும், அடிக்கடி ரிப்பேர் வரும் கைக்கும் காண்ட்ராக்டில் ஒரே கூலி. கை தேறியவன் கல்ஃபுக்கும் சிங்கப்பூருக்கும் போகாமல் என்ன செய்வான்? அங்கே டெஸ்ட் வைத்து, தேறியதற்கு ஏற்றபடி சம்பளம் பேசுகிறார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அரசு தன் பங்குக்குச் செய்திருக்கிறது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீனப்படுத்தினார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ சேரும் பிள்ளைகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல விஷயம்.

அப்புறம் அப்ரண்டிஸ், அதாவது வேலையிடத்திலேயே தொழில் பழகும் பிள்ளைகள். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். எடுக்கிறார்கள், சரி. எடுத்த பையனைத் தளவாடம் தூக்கவும் பெருக்கவும் விட்டால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? தினமும் கட்டுக்கட்டாக வெல்டிங் ராடு எரித்துப் பழகினால்தான் கை நிற்கும். ராடுக்கும் பிளேட்டுக்கும் காசு ஆகும்தான். அதைச் செலவழிக்க மனமில்லாதவருக்கு ஆள் பஞ்சம் பற்றிப் பேசும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

நட்புப் பட்டியலில் யூனிட் நடத்துகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். போன வருஷம் ரிப்பேருக்கு ஆன செலவைக் கூட்டுங்கள். டெஸ்ட் வாரியாகக் கிரேடு வைத்துக் கொடுத்தால் ஆகும் கூடுதல் சம்பளத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். எது பெரிய தொகை என்று கமெண்டில் சொல்லுங்கள், பேசுவோம்.