முயல் சோதனை இல்லாவிட்டால் கண்ணுக்கு ஆபத்தா?

"முயல் படம் (விலங்குகளில் சோதிக்கவில்லை என்பதன் அடையாளம்) போட்ட ஷாம்பூவை வாங்காதீர்கள். விலங்குகளில் சோதிக்கவில்லை என்றால், கண்ணுக்குப் பாதுகாப்பா என்று யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

முயல் சோதனை 1944-ல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் என்ற விஞ்ஞானி வகுத்தது. முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லி மருந்தையோ ரசாயனத்தையோ விட்டு, சிவப்பையும் வீக்கத்தையும் நாள்கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பாவம், அந்த ஜீவனுக்கு நம் அளவுக்குக் கண்ணீர்கூடச் சுரக்காது. அதோடு மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும்; 1971-ல் பல ஆய்வகங்கள் ஒரே பொருள்களைச் சோதித்தபோது முடிவுகள் பெரிதும் வேறுபட்டன.

சரி, இப்போது என்ன செய்கிறார்கள்? இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கண்ணின் கருவிழியில் பொருளை விட்டு, ஒளி எவ்வளவு மங்குகிறது, சாயம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். இன்னொரு முறையில், மனித உயிரணுக்களிலிருந்து வளர்த்த மெல்லிய திசுவின் மேல் பொருளை வைத்துக் கழுவிவிட்டு, மஞ்சள் கரைசலில் வைக்கிறார்கள். உயிருள்ள அணுக்கள் அதை ஊதாவாக மாற்றும். நிறம் வெளிறினால் அணுக்கள் செத்திருக்கின்றன. இவை, ரசாயனச் சோதனை முறைகளை வகுக்கும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு ஏற்ற முறைகள்.

இந்தியாவிலும் அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதற்கு 2014-லேயே தடை வந்துவிட்டது. முயல் படம் இல்லாத உள்ளூர் ஷாம்பூவுக்கும் அதே விதிதான்.